மருந்தைச் சோதித்த மாமனிதர் – கர்னல் இராம் நாத் சோப்ரா

(இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, தாவரவியல்)

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை அடுத்துச் சூதை வைத்தார். சூதை அடுத்து மருந்தை வைத்தார். போதையும் தீய பழக்கமும் மருந்தும் அடுத்தடுத்து நிற்கும் இந்த வரிசையைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நாளில் நான் எண்ணிப் பார்த்ததில்லை. போதைக்கு அடிமைப்பட்டவனின் வேட்கையைத் தணிக்க மருந்து உண்டா? உண்டென்று ஒருவர் கொண்டுவந்து நீட்டினால் அதை எப்படி நம்புவது? இக்கேள்வி எங்கள் வீட்டு வாசலுக்கும் ஒருநாள் வந்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன். இந்தக் கேள்விக்கு விடை தேடுவதில் வாழ்நாளின் ஒரு பகுதியைச் செலவிட்ட ஓர் அறிஞரைப் பற்றி முதலில் கூற விழைகிறேன்.

அவர் பெயரை நான் கேட்டது பழனி மலை அடிவாரத்தில். எங்கள் துறையினர் கொடைக்கானலுக்குக் கல்விச் சுற்றுலா சென்றபோது, வத்தலக்குண்டைத் தாண்டி மலைப்பாதை தொடங்கும் இடத்திலேயே பேராசிரியர் பேருந்தை நிறுத்தச் சொன்னார். வெள்ளி அருவியையும் ஏரியையும் காணத் துடித்துக் கொண்டிருந்த எங்களுக்கு, அந்த வறண்ட புதர்க்காட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. அவர் ஒரு குறுமரத்தைக் காட்டினார். செம்புளிச்சான் என்பது அதன் பெயர். சில ஊர்களில் தேவதாரம் என்பர். 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அப்போது ஏழைமக்கள் இதன் இலையைத் தின்று பசியாறினார்களாம். எரித்ராக்சிலம் என்னும் பேரினத்தைச் சேர்ந்த இம்மரத்திற்குத் தென்னமெரிக்காவில் ஓர் உறவு உண்டு. அதுவே கோக்கா, கொக்கேன் பிறக்கும் செடி. நம் செம்புளிச்சானில் கொக்கேன் எடுக்கத்தக்க அளவில் கிடையாது என்று பேராசிரியர் உடனே சொல்லிவிட்டதால், பின்வரிசையில் எழுந்த சிரிப்பு அடங்கியது. கொக்கேன் பழக்கத்தை இந்தியாவில் முறையாக ஆராய்ந்தவர் யார் என்று அடுத்துக் கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இந்திய மருந்தியலின் தந்தை எனப் போற்றப்படும் இராம் நாத் சோப்ராதான் அவர். ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, நூலகத்தில் அவரைத் தேடியதுதான்.

சோப்ரா 1882ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள குஜ்ரன்வாலாவில் பிறந்தார். லாகூர் அரசுக் கல்லூரியில் பயின்றபின் 1903இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டௌனிங் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் வால்டர் டிக்சன். ஒரு மருந்து உடலுக்குள் சென்று இதயத்தை என்ன செய்கிறது, நரம்பை என்ன செய்கிறது என்று சோதனைச்சாலையில் அளந்து காணும் மருந்தியல் அப்போதுதான் தனித் துறையாக வளர்ந்து வந்தது. அந்த வித்தையை டிக்சனிடம் கற்றார் சோப்ரா. 1908இல் இந்திய மருத்துவப் பணியில் தேறி, முதல் உலகப் போரின்போது கிழக்கு ஆப்பிரிக்காவில் படை மருத்துவராகப் பணியாற்றினார்.

1921இல் கல்கத்தாவில் புதிதாகத் தொடங்கியிருந்த வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியரானார். இருபது ஆண்டுகள் அவருக்கு அதுவே தவச்சாலை. நாட்டு வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட மூலிகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் வேதிப்பொருளைப் பிரித்து, விலங்குகளில் சோதித்து, பின்னர் நோயாளியிடம் பயன்படுத்திப் பார்ப்பதை அவர் முறையாக வகுத்துக் கொண்டார். பழையது என்பதற்காக ஒன்றைத் தூக்கி எறியவும் இல்லை. பழையது என்பதற்காகவே ஏற்றுக் கொள்ளவும் இல்லை. இம்முயற்சியின் பயனாக 1933இல் இந்திய நாட்டு மருந்துகள் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது.

அவர் கல்கத்தாவுக்கு வந்த காலத்தில் அந்நகரில் ஒரு புதிய போதை வேரூன்றியிருந்தது. கொக்கேன் பிறந்த கதையைச் சற்றே காண்போம்.

கோக்கா இலையிலிருந்து கொக்கேனைத் தனியே பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய வேதியியலார் ஆல்பர்ட் நீமன், ஆண்டு 1860. 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்னும் இளம் மருத்துவர், கண்ணில் இதன் துளியை விட்டால் வலி தெரியாமல் அறுவை செய்யலாம் எனக் கண்டறிந்தார். மருத்துவ உலகமே வியந்தது. அதே ஆண்டில் அதே நகரில் சிக்மண்ட் பிராய்டு, கொக்கேனைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதினார். மார்பின் பழக்கத்தை விடுவிக்க இது ஏற்ற மருந்து என்பது அவர் கருத்து. மார்பினுக்கு அடிமையாகித் துன்புற்ற தம் நண்பர் எர்ன்ஸ்ட் ஃபிளைஷல் என்பவருக்கு அதைப் பரிந்துரைக்கவும் செய்தார். விளைவு என்ன? நண்பர் மார்பினையும் விடவில்லை, கொக்கேனையும் விடவில்லை. இரண்டிற்கும் அடிமையாகி 1891இல் மாண்டார். நண்பரைக் காக்க வேண்டும் என்ற அன்பில் பிராய்டுக்குக் குறைவில்லை. ஆனால் அம்மருந்து போதுமான அளவு சோதிக்கப்படவில்லை. வேட்கையைத் தணிக்க வந்த மருந்தே புதிய வேட்கையை உண்டாக்கியது.

இந்தியாவிற்குக் கொக்கேன் ஐரோப்பியக் கம்பெனிகளின் மருந்துப் புட்டிகளில் வந்து சேர்ந்தது. மருத்துவமனையிலிருந்து கடைத்தெருவுக்கு இறங்க நெடுநாள் ஆகவில்லை. பீகாரில் பாகல்பூர்ப் பக்கம்தான் பழக்கம் தொடங்கியது என்று சொல்லப்பட்டது. அங்கிருந்து கல்கத்தா, பம்பாய், டில்லி முதலிய பெருநகரங்களுக்குப் பரவியது. நம் நாட்டார் அதை வெற்றிலையில் வைத்து மென்றனர். பெருநாட்டு மலைமக்கள் கோக்கா இலையோடு சுண்ணாம்போ சாம்பலோ சேர்த்து மெல்வது வழக்கம். நம்மவர் தாம்பூலத்திலும் சுண்ணாம்பு உண்டு. காரத்தன்மையுள்ள பொருள் சேர்ந்தால் கொக்கேன் வாயின் மென்தோல் வழியே விரைவாக உடலில் ஏறும். கடல்கடந்த இரு மக்கள் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே வேதியியலைக் கையாண்டது வியப்பிற்குரியதே.

1900இலிருந்து மாகாண அரசுகள் ஒவ்வொன்றாகத் தடை விதித்தன. தடையை மீறிக் கள்ளக் கடத்தல் வளர்ந்தது. காவல்துறையின் கண்ணுக்குக் கொக்கேன் தின்பவன் குற்றவாளி. ஊராரின் கண்ணுக்கு அவன் உருப்படாதவன். சோப்ராவின் கண்ணுக்கோ அவன் ஒரு நோயாளி. தம் உடன் பணியாற்றிய ஜி. எஸ். சோப்ராவுடன் சேர்ந்து, பழக்கத்திற்கு ஆட்பட்டவர்களை ஆராய்ந்தார். எந்த வயதில் தொடங்கினான், என்ன தொழில் செய்கிறான், ஏன் தொடங்கினான், எவ்வளவு தின்கிறான், உடலும் மனமும் எந்நிலையில் உள்ளன என்றெல்லாம் ஆராய்ந்து, இந்தியாவில் கொக்கேன் பழக்கம் பற்றிய கட்டுரையை 1931இல் வெளியிட்டனர். அபினி, கஞ்சா ஆகியவற்றைக் குறித்தும் இவ்வாறே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். திட்டுவதற்கு முன் கேட்க வேண்டும், தீர்ப்புச் சொல்வதற்கு முன் எண்ண வேண்டும் என்பதே அவர்தம் வழி.

அபினிக்கும் கொக்கேனுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அபினியை நிறுத்தினால் உடல் பதறும்; மூக்கொழுகும், வயிறு போகும், எலும்பெல்லாம் நோகும். கொக்கேனை நிறுத்தினால் இத்தகைய உடல் வேதனை பெரிதாக இராது; சோர்வும் மனவாட்டமும் வரும், பின் மெல்ல விலகும். ஆனால் வேட்கை மட்டும் மனத்தின் ஒரு மூலையில் பதுங்கியிருந்து, பழைய தெருவையோ பழைய கூட்டாளியையோ கண்டதும் எழுந்துவிடும். வேதனையைத் தணிக்கும் மருந்தைக் காண்பது எளிது. வேட்கையைத் தணிக்கும் மருந்தைக் காண்பதே அரிது.

சோப்ரா மருந்தையும் சோதித்தார். 1930களின் தொடக்கத்தில் பீக்கிங் நகரில் மா என்னும் மருத்துவர், முட்டையின் மஞ்சட்கருவில் உள்ள லெசித்தின் என்னும் பொருள் அபினிப் பழக்கத்தை நிறுத்துவோரின் வேதனையைக் குறைக்கிறது என்று எழுதியிருந்தார். அதைப் படித்த சோப்ரா அப்படியே நம்பிவிடவும் இல்லை, புறக்கணிக்கவும் இல்லை. லெசித்தினோடு குளூக்கோஸும் சேர்த்து அபினிப் பழக்கமுள்ளவர்களுக்குக் கல்கத்தாவில் கொடுத்துப் பார்த்தார். வேதனை தணிவதாகக் கண்டு எழுதினார். ஆயினும் அம்மருந்து காலத்தின் சோதனையில் நிலைக்கவில்லை. இன்று அதை யாரும் அப்பழக்கத்திற்குக் கொடுப்பதில்லை. இது சோப்ராவுக்கு இழுக்காகுமா? ஆகாது என்பதே என் எண்ணம். தாம் செய்ததைப் பிறர் சரிபார்க்கும்படி வெளிப்படையாக எழுதி வைத்தவரின் மருந்துதான் தோற்க முடியும். மறைத்து விற்பவனின் மருந்து ஒருபோதும் தோற்பதில்லை, நோயாளிதான் தோற்கிறான்.

அந்த மறைத்து விற்பவர்களையும் சோப்ரா விட்டு வைக்கவில்லை. அக்காலத்தில் இந்தியாவில் மருந்தின் தரத்தைக் கட்டுப்படுத்த நாடு முழுமைக்குமான சட்டம் கிடையாது. மலேரியாவில் நடுங்குபவனுக்குக் கொடுக்கும் கொய்னாவில் கூடக் கலப்படம் இருந்தது. 1930இல் அரசு அமைத்த மருந்து விசாரணைக் குழுவிற்குச் சோப்ரா தலைவரானார். குழு தன் அறிக்கையை 1931இல் அளித்தது. மருந்தைச் சோதிக்க ஆய்வுக்கூடங்கள் வேண்டும், விற்பனையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும், மருந்து கலப்பவருக்கு முறையான பயிற்சி வேண்டும் என்று குழு வற்புறுத்தியது. 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டமும் 1948ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டமும் அதன் வழி வந்தவை. இன்று நாம் வாங்கும் மாத்திரை அட்டையின் பின்புறத்தில் பெயரும் அளவும் காலாவதி நாளும் அச்சிடப்பட்டிருப்பதற்குப் பின்னே அம்மனிதரின் உழைப்பும் இருக்கிறது.

சோதனையில் வென்ற நாட்டு மருந்து ஒன்றையும் சொல்ல வேண்டும். வடநாட்டில் பித்தம் தலைக்கேறியவர்களுக்குச் சர்ப்பகந்தா வேரைக் கொடுப்பது வழக்கம். சோப்ராவும் அவர்தம் கூட்டத்தாரும் 1933இல் அவ்வேரின் சத்து இரத்த அழுத்தத்தைத் தாழ்த்துகிறது என்று காட்டினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் அதை நோயாளிகளிடம் நிலைநாட்டி வெளிநாட்டு இதழில் எழுதினார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தனர். உலக மருத்துவமனைகள் எல்லாம் அதை ஏற்றன.

1930களின் நடுவில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் இயக்குநராக உயர்ந்த சோப்ரா, 1941இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டே சர் பட்டமும் பெற்றார். ஓய்வு என்பது அவருக்குப் பெயரளவிலேதான். காஷ்மீர் சென்று அங்கே மருந்து ஆராய்ச்சிக் கூடத்தை வளர்த்தார். இன்று ஜம்முவில் ஒருங்கிணைந்த மருத்துவத்திற்கான இந்திய ஆய்வு நிறுவனமாக விளங்குவது அதுவே. 1956இல் நாயர் முதலியோருடன் சேர்ந்து இந்திய மருத்துவத் தாவரங்களின் சொற்களஞ்சியத்தை வெளியிட்டார். 1957இல் ஐ. சி. சோப்ராவுடன் சேர்ந்து ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் இதழில் கஞ்சா பற்றி எழுதினார். அப்போது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார். 1973ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள், தொண்ணூறு வயது நிறைந்த நிலையில் மறைந்தார். 1983இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் தாங்கிய தபால்தலையை வெளியிட்டது.

சோப்ரா மறைந்தபின் கொக்கேன் வேட்கைக்கு மருந்து கிடைத்ததா? இன்றுவரை அமெரிக்க அரசின் மருந்துத் துறை அதற்கென ஒரு மருந்தையும் ஒப்புக்கொள்ளவில்லை. முயற்சிக்குக் குறைவில்லை. கொக்கேன் மூளையில் டோபமின் என்னும் பொருளைத் தேங்கச் செய்து களிப்பைத் தருகிறது என்று அறிந்தபின், அந்த வழியைச் சீர்செய்யும் மருந்துகள் பலவற்றைச் சோதித்தனர். 1989இல் டெசிப்பிரமின் என்னும் மனச்சோர்வு மருந்தை 72 பேரிடம் ஆறு வாரம் சோதித்தனர். அவர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு டெசிப்பிரமினும், ஒரு பிரிவுக்கு லித்தியமும், ஒரு பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தனர். டெசிப்பிரமின் உண்டவர்களில் நூற்றுக்கு 59 பேர் கொக்கேனை விட்டிருந்தனர். வெறும் மாத்திரை உண்டவர்களில் 17 பேரே விட்டிருந்தனர். எல்லோரும் மகிழ்ந்தனர். பின்வந்த சோதனைகளில் அந்த வெற்றி மீண்டும் கிட்டவில்லை. கொக்கேனை இரத்தத்திலேயே மடக்கிவிடும் தடுப்பூசி ஒன்றையும் 300 பேரிடம் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டனர். எதிர்பார்த்த பயன் இல்லை. வெறும் மாத்திரை உண்டவர்களிலும் சிலர் பழக்கத்தை விட்டார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பிரிவு இல்லாவிட்டால், அவர்கள் விட்டதையும் மருந்தின் கணக்கிலேயே எழுதியிருப்போம்.

சோதிக்கப்பட்ட இன்னொரு மருந்து டைசல்பிரம். 1940களின் இறுதியில் டென்மார்க்கில் ஹால்ட், யாக்கப்சன் என்னும் இருவர், வயிற்றுப் புழுவுக்காக அதை ஆராய்ந்து தாமே உண்டிருந்த நாளில், மது அருந்தியதும் உடல் கலங்கியதைக் கண்டனர். அதுமுதல் குடியை விட விரும்புவோருக்கு அது மருந்தாயிற்று. அதையே பின்னாளில் கொக்கேனுக்கும் சோதித்தனர். முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை.

எங்கள் வீட்டுக் கதையை இங்கே சொல்ல வேண்டும். என் சித்தப்பா குடிப்பழக்கம் உடையவர். குடியை மறக்கச் செய்யும் என்று சொல்லி ஒருவன் விற்ற பொட்டலத்தைச் சித்தி நம்பி வாங்கினார். பெயர் இல்லை, சீட்டு இல்லை. அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து வைத்தார். அன்றிரவு குடித்துவிட்டு வந்த சித்தப்பாவுக்கு முகம் சிவந்து, மார்பு படபடத்து, வாந்தி ஓயவில்லை. ஆட்டோவில் தூக்கிச் சென்றோம். என்ன கொடுத்தீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது சித்தியால் பதில் சொல்ல முடியவில்லை. அப்படிப்பட்ட மருந்து உண்டு, ஆனால் உண்பவருக்குத் தெரியாமல் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்று அவர் விளக்கினார். சித்தப்பா பிழைத்துக் கொண்டார். ஆனால் அதன்பின் பல மாதம் சித்தி கையால் ஒரு வாய் சோறு உண்ணவில்லை. அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பெயரில்லாத மருந்து என்ன செய்யும் என்பது அன்று எனக்குத் தெரிந்தது. 1931ஆம் ஆண்டின் அறிக்கையைப் பற்றிப் படித்தபோது, அது யாருக்காக எழுதப்பட்டது என்பதும் விளங்கியது. என் சித்தி தீய எண்ணத்தால் செய்யவில்லை. பிராய்டைப் போல அன்பினால்தான் செய்தார்.

அன்று மலையடிவாரத்தில் செம்புளிச்சானைப் பார்த்துவிட்டு நாங்கள் கொடைக்கானல் ஏறினோம். அங்கே மழை நாளில் முளைக்கும் போதைக் காளானைத் தேடி வரும் இளைஞர்களைப் பற்றி நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அக்காளானில் உள்ள சைலோசைபின் என்னும் பொருள் நம் நாட்டுச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டது. அதே பொருளை அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் மருத்துவ ஆய்வாளர்கள், கொக்கேன் பழக்கத்தை விடுவிக்க உதவுமா என்று சோதித்தனர். அளவறிந்து, ஒப்புதல் பெற்று, மருத்துவர் அருகிருந்து கொடுப்பது அது. காட்டில் பறித்து வாயில் போடுவதற்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் உண்டு.

பழனியில் ஒன்பது பாடாணங்களைச் சேர்த்துப் போகர் முருகன் திருவுருவை அமைத்தார் என்பது நம் மரபு. நஞ்சையும் மருந்தாக்கலாம் என்ற எண்ணம் நம் மண்ணுக்குப் புதிதன்று. எவ்வளவு, யாருக்கு, எதனோடு என்று அறிந்து கொடுப்பதே அதில் உள்ள அருமை. சோப்ரா வாழ்நாள் முழுதும் செய்தது அந்த அறிதலைத்தான்.

நண்பர்களே! நம்மில் யார் வீட்டிலேனும் இப்படியொரு துன்பம் இருக்கலாம். சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் 1980 முதல் இத்தகையோருக்குச் சிகிச்சை தந்து வருகிறது. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும் உள்ளன. பாதிக்கப்பட்டவரிடம் மறைக்காமல் பேசி, அவரையே உடன் அழைத்துச் செல்லுங்கள். சித்தப்பா அப்படித்தான் இப்போது மாதம் ஒருமுறை போகிறார். இடையில் இருமுறை தவறினார், மீண்டும் போனார். துணைக்குச் செல்வது சித்திதான்.